வளவு வீட்டுக்கு எத்தனை சொந்தக்காரர்கள்?

செட்டிநாட்டில் ஒரு பழைய வீட்டைப் பற்றி விசாரித்தால் முதலில் கிடைப்பது கட்டியவர் பெயர். ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ சம்பாதித்துக் கட்டினார் என்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். வீட்டின் வரலாற்றில் மிகச் சுலபமான பகுதி அது. அதற்குப் பிறகு வீடு யார் யாருக்கு, எந்த வழியில், எத்தனை பங்காகப் போனது என்று கேட்டால் சொந்தக்காரர்களே தடுமாறுவார்கள். கட்டியவருக்கு நான்கு ஆண் மக்கள், அவர்களுக்கு மூன்று மூன்று பேர், அவர்களுக்கு இரண்டிரண்டு பேர் என்று வைத்துக்கொண்டாலே கொள்ளுப்பேரன் தலைமுறையில் 24 பங்கு ஆகிவிடுகிறது. இன்னும் பெண் மக்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வீட்டின் அமைப்பே இந்தப் பங்குக் கணக்கை ஒட்டித்தான் இருக்கிறது. முகப்பு, திண்ணை, பட்டாலை என்னும் கூடம் தாண்டி உள்ளே போனால் வளவு. நடுவில் முற்றம், சுற்றிப் பத்தி என்னும் தாழ்வாரம், பத்தியை ஒட்டி இரண்டு பக்கமும் வரிசையாக அறைகள். பின்னால் இரண்டாம் கட்டு, அடுப்படி, கடைசியில் அடுத்த தெருவில் திறக்கும் பின்வாசல். கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. அவனை வேறு வைக்கும்போது வளவில் ஓர் அறையும் அடுப்படியில் ஓர் அடுப்பும் அவன் பெயருக்கு வரும். கூரை ஒன்று, உலை பல. ஆகவே பாகப்பிரிவினைப் பத்திரத்தில் "வளவில் தென்புறம் கிழக்கிலிருந்து மூன்றாவது இரட்டை வீடு" என்று வந்தால் அது தனிக் கட்டடம் இல்லை, முன்னறையும் உள்ளறையுமாக உள்ள ஒரு ஜோடி அறை. முகப்பு, பட்டாலை, முற்றம், கிணறு, நடைபாதை ஆகியவை 'பொதுவில்' என்று எழுதப்பட்டிருக்கும். அறை தனியுரிமை, வளவு கூட்டுரிமை. பின்னால் வருகிற தகராறுகளில் பாதி இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருகிறவை.

தேடலை இன்றிலிருந்து பின்னோக்கித்தான் நடத்த வேண்டும். கட்டியவரிலிருந்து முன்னோக்கி வந்தால் எந்தக் கிளை விட்டுப்போனது என்றே தெரியாது. முதலில் எடுக்க வேண்டியவை வீட்டு வரி ரசீதும் நத்தம் பட்டாவும். இரண்டுமே உரிமையை நிரூபிப்பதில்லை. பெயர்களைத் தரும், அவ்வளவே. இந்த ஊர்களில் பெரும்பாலானவை சிவகங்கை, ராமநாதபுரம் ஜமீன்களுக்குள் இருந்தவை. 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்கு முன்னால் இங்கே அரசாங்கப் பட்டா என்ற பேச்சே கிடையாது. அதற்குப் பிறகும் குடியிருப்பு மனைகள் கிராம நத்தமாகவே கிடந்தன. தனித்தனி ஆளுக்கு நத்தம் பட்டா கொடுக்கும் வேலை 1980-களின் கடைசியில்தான் தொடங்கியது. அளக்க வந்த அன்றைக்கு ஊரில் யார் இருந்தாரோ அவர் பெயரில் பட்டா விழுந்தது. சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருந்த பங்காளிகள் எல்லாரும் 'வகையறா' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள். அந்த 'வகையறா'வைப் பிரித்துப் பெயர் பெயராக எழுதுவதுதான் மொத்த வேலையும்.

அடுத்தது வில்லங்கச் சான்று. இணையத்தில் பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதல் உள்ள பதிவுகளைப் பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். நத்தத்து வீடுகளில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. நத்தம் அளவைக்கு முந்தைய பத்திரங்களில் உட்பிரிவோடு கூடிய புல எண் இருக்காது. தெருப் பெயர், கதவு எண், நான்கெல்லை மட்டும் இருக்கும். இன்றைய புல எண்ணைக் கொடுத்துத் தேடினால் 'வில்லங்கம் இல்லை' என்று சுத்தமான சான்று வந்து நிற்கும். அதை நம்பிவிடக் கூடாது. பதிவுச் சட்டப்படி, சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு: ஆட்களின் பெயர்வாரியாக ஒன்று, சொத்துவாரியாக ஒன்று. பழைய வீட்டுக்குப் பெயர் அட்டவணையில் தேடச் சொல்வதே பலன் தரும். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இருவர் பெயரிலும் தேட வேண்டும். ஊர் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருந்தால் இரண்டு இடத்திலும் மனுப் போட வேண்டும். கடியாபட்டி, ராயவரம் போன்ற திருமயம் பக்கத்து ஊர்கள் 1948 மார்ச் வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தவை. அவற்றின் பழைய பத்திரங்கள் தர்பார் ஆட்சியில் பதிவானவை.

வில்லங்கச் சான்றில் வராதவை இன்னும் முக்கியம். உயிலைப் பதிவு செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வாய்மொழிப் பாகப்பிரிவினை செல்லும். நடந்து முடிந்த பிரிவினையை நினைவுக்காக எழுதி வைக்கும் கூர்ச்சீட்டுக்கும் பதிவு தேவையில்லை. செட்டிநாட்டு வீடுகளில் பாதிப் பங்கு இந்தக் கூர்ச்சீட்டுகளில்தான் கைமாறியிருக்கும். அவை பெட்டக அறையில் இருக்கும், இல்லாவிட்டால் கரையான் தின்றிருக்கும். பதிவு செய்த உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் முகவருக்கோ மட்டும்தான் நகல். இறந்த பிறகு யார் கேட்டாலும் தர வேண்டும். இறப்புச் சான்றை வைத்துக்கொண்டு மனுச் செய்தால் போதும். சென்னையில் எழுதிய உயில்களுக்கு நீண்ட காலம் புரோபேட், அதாவது உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் சான்று, கட்டாயமாக இருந்ததால், அங்கே குடியேறிய கிளைகளின் உயில்கள் உயர் நீதிமன்றக் கோப்புகளில் சொத்துப் பட்டியலோடு கிடைக்கும். வீட்டில் என்னென்ன இருந்தன என்பதற்கு இதைவிட நல்ல சான்று அரிது.

பத்திரம் கைக்கு வந்ததும் முதலில் எல்லையைப் படிக்க வேண்டும். 'இன்னார் வீட்டுக்குக் கிழக்கு' என்றால் அந்த இன்னார் மேற்கே இருக்கிறார், நம் வீடு அவருக்குக் கிழக்கே. இதைத் தலைகீழாகப் படித்து வீட்டையே தெருவின் எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வைத்த வரைபடங்கள் உண்டு. எல்லையில் வரும் நான்கு பேரையும் தனியே குறித்துக்கொள்ளலாம். நம் வீட்டுப் பத்திரம் தொலைந்திருந்தால் பக்கத்து வீட்டுப் பத்திரத்தில் நம் வீட்டுக்காரர் எல்லையாக நிற்பார். அந்த வருஷத்தில் வீடு யார் பேரில் வழங்கியது என்று தெரிந்துவிடும். அளவுகளிலும் கவனம் தேவை. பழைய பத்திரங்களில் தச்சு முழம் வரும், அது 33 அங்குலம். சாதாரண முழமாக 18 அங்குலம் என்று எடுத்துக்கொண்டால் 40 முழ மனை 60 அடியாகச் சுருங்கும். உண்மையில் அது 110 அடி. 'ஆக்கிரமிப்பு' என்று வழக்குப் போடப் புறப்பட்டவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்ப்பது நல்லது. பங்குகள் அணாவிலும் வீசத்திலும் எழுதப்பட்டிருக்கும். முழுச் சொத்து 16 அணா, எனவே ஓரணாப் பங்கு 16-இல் ஒன்று. வீசமும் அதே. அரைவீசம் 32-இல் ஒன்று.

தேதிக்குத் தமிழ் வருஷம் பெரிய துணை. 60 வருஷச் சுற்று 1867-இல் பிரபவவில் தொடங்கியதாக வைத்துக்கொண்டு ஆங்கில ஆண்டிலிருந்து 1867-ஐக் கழித்து, 60-ஆல் வகுத்து, மீதியோடு ஒன்று கூட்டினால் வருஷத்தின் வரிசை எண் வரும். 1939-க்கு மீதி 12, ஒன்று கூட்டினால் 13, பதின்மூன்றாவது வருஷம் பிரமாதி. ஜனவரியில் விழும் மார்கழித் தேதிகளுக்கும் தை, மாசி, பங்குனித் தேதிகளுக்கும் மட்டும் முந்தைய ஆண்டை எடுக்க வேண்டும். 1940 தை மாதமும் பிரமாதிதான். பத்திரத்தில் ஆங்கிலத் தேதியும் தமிழ்த் தேதியும் ஒத்துப்போகாவிட்டால் எழுத்தரின் கைப்பிழையாக இருக்கலாம், பின்னால் உட்கார்ந்து தயாரித்ததாகவும் இருக்கலாம்.

போலியைப் பிடிக்க இன்னும் சில வழிகள். முத்திரைத் தாளில் விக்டோரியா படம் என்றால் 1901 வரை, ஏழாம் எட்வர்டு 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை, அதன்பின் ஆறாம் ஜார்ஜ். இருப்பில் கிடந்த பழைய தாளைப் பிறகு விற்பது உண்டு. ஆகவே 1912-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் எட்வர்டு இருந்தால் சந்தேகப்பட வேண்டியதில்லை. 1905-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் ஐந்தாம் ஜார்ஜ் இருந்தால் அது போலி, வேறு பேச்சில்லை. தாளின் பின்புறம் முத்திரைத்தாள் விற்பனையாளர் எழுதிய வாங்கியவர் பெயரும் தேதியும் இருக்கும்; அந்தத் தேதி பத்திரத் தேதிக்குப் பிந்தியிருக்கக் கூடாது. 1957 ஏப்ரல் 1-க்கு முந்தைய பத்திரத்தில் நயா பைசா வராது, அணாவும் பைசும்தான். 1972 ஆகஸ்ட் 15-க்கு முன் அஞ்சல் குறியீட்டு எண் கிடையாது. காரைக்குடிப் பக்கத்து ஊர்கள் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டம். அதன்பின் பசும்பொன் முத்துராமலிங்கம் மாவட்டம். 1997-இல் தலைவர்கள் பெயரை நீக்கியபோது சிவகங்கை. 1970-இல் எழுதியதாகச் சொல்லும் பத்திரத்தில் சிவகங்கை மாவட்டம் என்று இருந்தால் மேலே படிக்க வேண்டாம்.

ஆனால் தேடுபவரை அதிகம் அலைக்கழிப்பது போலிப் பத்திரம் இல்லை, பெயர்கள். பேரனுக்குப் பாட்டையா பெயர். ஆகவே சிதம்பரத்தின் மகன் ராமநாதன், ராமநாதனின் மகன் சிதம்பரம், மறுபடி ராமநாதன் என்று ஒன்றுவிட்டு ஒன்று வந்துகொண்டே இருக்கும். அண்ணன் தம்பி இருவருமே தலைமகனுக்குத் தம் தகப்பனார் பெயரை வைத்திருந்தால் ஒரே வளவில் ஒரே பெயரில் இரண்டு பேர், ஒரே வயதில். இவர்களைப் பிரித்துக் காட்டுவது விலாசம், அதாவது பெயருக்கு முன் நிற்கும் எழுத்து வரிசை. பாட்டனார், தகப்பனார் என்று முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள் அதில் இருக்கும். தொழிலும் அந்த விலாசத்தில்தான் நடந்தது, வீட்டுக்கும் அதுவே பெயர். பத்திரத்தில் விலாசத்தின் ஓர் எழுத்து விடுபட்டாலும் ஆள் மாறிவிடுவார். பெயரோடு விலாசத்தையும் எழுத்து பிசகாமல் குறிக்காமல் கிளைப்படம் போடுவது வீண்.

பிள்ளை கூட்டுவது அடுத்த முடிச்சு. ஆண் வாரிசு இல்லாத இடத்தில் சுவீகாரம் எடுப்பது செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தாரிடம் சாதாரணம். பிள்ளை போன வீட்டின் விலாசம் வந்துவிடும், பிறந்த வீட்டுப் பங்கு போய்விடும். ஒரே ஆள் 1925-இல் ஒரு விலாசத்திலும் 1932-இல் வேறு விலாசத்திலும் கையெழுத்துப் போட்டிருப்பார். தெரியாதவர் இரண்டு ஆள் என்று எழுதிப் பங்கையும் இரண்டாக்கிவிடுவார். சுவீகாரப் பத்திரம் இல்லாவிட்டாலும் சரிபார்க்க வழி உண்டு. நகரத்தார் கல்யாணத்தில் எழுதும் இசைகுடிமானத்தில் மாப்பிள்ளை பெண் இருவரின் தகப்பனார் பெயர், ஊர், கோவில் எல்லாம் இருக்கும். ஒன்பது நகரக் கோவில்களும் ஊர்க் கோவில்களும் புள்ளிவரி வாங்குவதற்காக வைத்திருக்கும் புள்ளிக் கணக்கில் எந்த வருஷம் யார் புதுப் புள்ளியாகச் சேர்ந்தார் என்று தெரியும். நீதிமன்றத்தில் இவை எவ்வளவு எடுபடும் என்பது வேறு விஷயம். வரலாறு எழுத இவற்றைப்போல் வாய்ப்பது வேறில்லை.

பெண் மக்களின் பங்கை இறந்த தேதியை வைத்துத்தான் சொல்ல முடியும். 1937 ஏப்ரலுக்கு முன் பிரியாத குடும்பத்தில் ஒருவர் இறந்தால் அவர் பங்கு பிழைத்திருந்த ஆண் பங்காளிகளுக்குப் போனது. விதவைக்கு ஜீவனாம்சமும் வசிக்கும் உரிமையும் மட்டும். 1937 சட்டம் விதவைக்குக் கணவன் பங்கைக் கொடுத்தது, ஆனால் ஆயுளுக்கு மட்டும். 1956 ஜூன் 17-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு அந்த ஆயுள் பங்கை முழு உரிமையாக மாற்றியது. 1956-க்கும் 1989-க்கும் நடுவில் ஒருவர் உயிலின்றி இறந்து மனைவியும் இரண்டு மகன்களும் ஒரு மகளும் இருந்தால் கணக்கு இப்படி: வீடு பிதுரார்ஜிதமானால், அதாவது முன்னோர் சொத்தானால், முதலில் தகப்பனுக்கும் இரு மகன்களுக்கும் மூன்றில் ஒன்றாகக் கற்பனையாகப் பிரித்து, தகப்பனின் பங்கை நால்வருக்கும் சமமாகக் கொடுக்க வேண்டும். மகனுக்கு 12-இல் 5, மனைவிக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. அதே வீடு தகப்பனின் சுயார்ஜிதமானால், அதாவது சொந்தச் சம்பாத்தியமானால், நால்வருக்கும் நேராகக் கால் கால். ரங்கூன் பணத்தில் கட்டியது குடும்பத் தொழிலின் பணமா தனி மனிதரின் சம்பாத்தியமா என்று வழக்குகளில் மல்லுக்கட்டுவது இந்த வித்தியாசத்துக்காகத்தான். 1989 மார்ச் 25-இல் தமிழ்நாட்டுத் திருத்தம் அன்றுவரை கல்யாணம் ஆகாதிருந்த மகள்களுக்கும், 2005 செப்டம்பர் 9-இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் பிறப்பால் பங்கு கொடுத்தன. தகப்பனார் 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்த்துச் சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பத்திரம் பதிந்தோ நீதிமன்றத் தீர்ப்பாலோ பிரித்துக்கொண்டவை தப்பும். கூர்ச்சீட்டை நம்பியிருந்த குடும்பங்களுக்கு இது சங்கடம்.

பத்திரங்களில் 1930-கள் வந்ததும் நடையே மாறும். அதுவரை வாங்கியதும் கட்டியதுமாக இருந்தது, திடீரென்று அடமானமும் விடுதலைப் பத்திரமுமாக வரத் தொடங்கும். காரணம் பர்மா. 1930-இல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்தது சாகுபடி நிலத்தில் 6 சதவீதம். நெல் விலை விழுந்து கடன் வாங்கியவர்கள் நிலத்தையே விட்டுப்போனதால் 1938-இல் அது 25 சதவீதம் ஆகியிருந்தது. வெளியில் இருந்து பார்த்தால் சொத்து பெருகியது. உண்மையில் ரொக்கம் முழுவதும் விற்க முடியாத வயலாக மாறிவிட்டது. 1942-இல் ஜப்பான் படை, 1948-இல் பர்மாவின் நில தேசியமயச் சட்டம். மஞ்சள் கடுதாசி கொடுத்தவர்களின் வீட்டுப் பங்கு இன்சால்வென்சி நீதிமன்றத்தின் ரிசீவர் கைக்குப் போயிருக்கும்; அதைப் பங்காளி ஒருவரே ஏலத்தில் எடுத்திருப்பார். கிளைப்படத்தில் ஒரு கிளைக்கு இரட்டைப் பங்கு இருக்கக் கண்டால் இந்தப் பத்தாண்டைத் தேடிப் பார்க்க வேண்டும். கடல் கடந்திருந்தவர்கள் பவர் பத்திரம் அனுப்பி இங்கே வேறொருவர் கையெழுத்திட்டதும் அதிகம். அந்தப் பவரின் நகல் இல்லாத விற்பனை நொண்டிதான்.

கட்டடத்திலும் தேதி கிடக்கிறது, ஆனால் அதை அளவோடுதான் நம்ப வேண்டும். முகப்பின் உச்சியில் சுதையில் எழுதிய ஆண்டு பெரும்பாலும் அந்த முகப்புக்குரியது. உள்ளே வளவு இருபது முப்பது வருஷம் முந்தியிருக்கலாம். இரும்பு உத்தரத்தில் டாட்டா முத்திரை இருந்தால் அது 1912-க்குப் பிந்தியது, அந்த ஆண்டில்தான் ஜாம்ஷெட்பூரில் எஃகு வார்த்தார்கள். பாசல் மிஷன் ஓடு 1865-க்கு முன் இருக்க முடியாது. சுவரில் பதித்த ஜப்பான் ஓடுகள் முதல் உலகப் போரில் ஐரோப்பியச் சரக்கு தடைப்பட்டபோது சந்தையைப் பிடித்தவை. கான்கிரீட் சன்ஷேடும் வளைந்த மூலைகளும் 1930-களின் மோஸ்தர். இவை எல்லாம் அந்தந்தப் பாகம் எந்த ஆண்டுக்கு முந்தியதில்லை என்பதை மட்டும் சொல்லும். ஓர் ஓட்டைக் கழற்றிப் பார்த்து முழு வீட்டுக்கும் ஜாதகம் எழுதக் கூடாது, பழுதுபார்த்தபோது மாற்றியதாக இருக்கலாம். பங்கு தெரிய வேண்டுமானால் ஓட்டைவிட அடுப்படிகளையும் அறைப் பூட்டுகளையும் மின் மீட்டர்களையும் எண்ணுவது மேல்.

இத்தனை பங்குகள் இருப்பதால்தான் வீடு பராமரிப்பில்லாமல் விழுகிறது என்று சொல்வார்கள். பாதி உண்மை. மறுபாதி, கையெழுத்துப் போட மறுத்த ஒரே ஒரு பங்காளியால்தான் பல வீடுகள் இன்னும் நிற்கின்றன. இல்லாவிட்டால் தூண்களும் நிலைகளும் எப்போதோ காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போயிருக்கும். 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறின. பட்டியல் எந்தத் தூணையும் காவல் காக்கவில்லை. சட்டம் கொஞ்சம் காக்கிறது. பிரியாத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியாள் உள்ளே வந்து கூடக் குடியிருக்க உரிமை கோர முடியாது என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தாமே வாங்கிக்கொள்ளப் பங்காளிக்கு உரிமை தருகிறது 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு. அதே சட்டத்தின் 2-ஆம் பிரிவு எதிர்ப்பக்கம் வெட்டும்: வீட்டைப் பிரிக்க இயலாது என்று நீதிமன்றம் கருதி, பாதிப் பங்கோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்கள் கேட்டால் முழு வீட்டையும் விற்கச் சொல்லலாம். ஹோட்டலுக்குக் குத்தகை விடுவதாக இருந்தாலும் நீண்ட காலக் குத்தகைக்கு எல்லாப் பங்குகளின் கையெழுத்தும் வேண்டும். ஒரு வீசம் விட்டுப்போனாலும், வீட்டைச் செப்பனிட்டுப் பல லட்சம் கொட்டிய பிறகு அந்தக் கையெழுத்தைத் தேடி வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டிவரும்; அதற்குள் அந்த வீசமும் மூன்றாகப் பிரிந்திருக்கும்.